என் நிரையில் ஒரு மரமும் சாயவில்லை

பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், தோட்டமே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. ஊரார் என்னைப் பார்த்து வயிறெரிந்தது என் ஆயுளில் அந்த ஒரு வாரம்தான். அதனால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கடுத்த வாரத்திலிருந்து எரிந்ததெல்லாம் என் வயிறு.

மலாயாவில், செலண்டாரிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். நானும் என் தங்கையும் அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு, ஒரே கப்பலில் வந்திறங்கி, ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். கூடப் பிறந்தவளே ஓரகத்தியாகவும் அமைவது பெரிய கொடுப்பினை என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு என்ன? சுவர் என்று பெயருக்கு ஒரு பலகைதான். அந்தப் பக்கம் அவள் என்ன தாளிக்கிறாள், அவள் புருஷன் என்ன சொல்லி அவளைச் சிரிக்க வைக்கிறான், எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் சிரிக்க வைக்கிற ரகம் இல்லை.

எங்கள் அம்மா ஊரில் இருந்தாள். அவளுக்குச் சின்னவள்தான் உயிர். இதை நான் சும்மா சொல்லவில்லை. நாங்கள் கப்பலேறப் புறப்பட்ட அன்று என் தலையைத் தொட்டுவிட்டு, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வண்டி நகர்ந்த பிறகும் அவள் கையை விடாமல் கூடவே நடந்து வந்தாள். நான் வண்டியின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் இடம் கேட்டு உட்கார்ந்தவள் தங்கை. அது தற்செயல் என்று என் வீட்டுக்காரர் பல தடவை சொல்லியிருக்கிறார். அவருக்கு எல்லாமே தற்செயல்தான்.

தோட்டத்திலும் அவளுக்குத்தான் நல்லது வாய்த்தது. பால் வெட்டுகிற ஒவ்வொருத்திக்கும் இத்தனை மரம் என்று ஒரு வரிசை உண்டு. அதை நிரை என்போம். ஒரு நிரை கைக்கு வந்துவிட்டால் அது நம்முடையது. என் மரம், உன் மரம் என்றுதான் பேச்சு. துரையின் மரம் என்று எவளும் சொல்லிக் கேட்டதில்லை. தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் மேட்டு நிரை. காலைவெயில் முதலில் அங்கேதான் விழும், காற்றோட்டம், சுத்தமான தரை. எனக்குக் கிடைத்தது பள்ளத்து நிரை. அட்டை ஏறும், கொசு பிடுங்கும், முழங்கால்வரை சேறு. கங்காணியிடம் கேட்டதற்கு, "ஒனக்கு கால் ஸ்ட்ராங்கா இருக்கு, நீ பள்ளத்துல நில்லு," என்றார். அவள் கால் மட்டும் என்ன சோளத்தட்டையா?

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். முப்பதுகளின் தொடக்கம். எப்போது வேலை நிற்குமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தக் காற்று வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்திராவிலிருந்து புறப்பட்டு வருகிற காற்று எங்களுக்குப் புதிதல்ல. வரும், நாலு கிளையை ஒடிக்கும், மழையைக் கொட்டிவிட்டுப் போகும். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தோம். காலை வெட்டு முடிந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கே வானம் கறுத்தது. புத்தியுள்ளவர்கள் லயத்துக்கு ஓடியிருப்பார்கள். நாங்கள் மரத்துக்கு ஓடினோம். மழை மங்கில் இறங்கினால் பால் கெட்டுவிடும், அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிக் கூலிதான். ஆகவே எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக ஓடி மங்கைக் கவிழ்த்தோம். தலைக்கு மேலே கிளை முறிகிற சத்தம் கேட்கிறது, எவளும் அண்ணாந்து பார்க்கவில்லை. அண்ணாந்து பார்க்கிற நேரத்துக்கு இன்னொரு மங்கைக் கவிழ்த்துவிடலாமே! அப்படி ஒரு புத்தி எங்களுக்கு.

பிறகு மரங்களே போகத் தொடங்கின. ரப்பர் மரம் வளையத் தெரியாத மரம். நிற்கும், இல்லாவிட்டால் இடுப்பில் முறியும். மேட்டுப் பக்கம் வெடி போட்டதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நான் பள்ளத்து ஓடைக்குள் இறங்கி, வாளியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குப்புறப் படுத்தேன். பக்கத்து நிரைக்காரி என் மேல் வந்து விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அக்கா, அக்கா, என்னய வுட்றாத," என்று அலறினாள். துணி காயப்போடுகிற கொடிக்காகச் சண்டை போட்டு நாங்கள் பேச்சை நிறுத்தியிருந்த காலம் அது. நானும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் குழாயடியில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். காற்று நின்றதும் கொடி ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

காற்று ஓய்ந்ததும் தங்கை மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் கீறல். கையில் வாளி இல்லை. "அக்கா, என் நிரை போச்சுக்கா. ஒன்னுகூட நிக்கல. அவரோடதும் போச்சு," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவள் உயிரோடு வந்தாளே என்றுதான் அழுதேன், அதில் பொய் இல்லை. அழுதுகொண்டே அவள் தோளுக்கு மேலே என் நிரையைப் பார்த்தேன். காற்று மேட்டிலேயே தன் வேலையை முடித்துவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போயிருந்தது. என் மரங்கள் அத்தனையும் வரிசையாக நின்றன. இலைதான் உதிர்ந்திருந்தது.

காற்றுக்குப் பிறகு மனிதர்கள் கொஞ்ச காலம் நல்லவர்களாக இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அண்டாவில் கஞ்சி. கூரை போனவர்களைக் கூரை இருந்தவர்கள் உள்ளே படுக்கவைத்தார்கள். மாரியம்மன் கோயிலில் சேவல் அறுத்தோம். அதெல்லாம் தரையில் ஈரம் காய்கிறவரைதான். பிறகு பறந்துபோன தகரங்களைத் தேடப் புறப்பட்டார்கள். ஒரே தகரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, "இது என் வூட்டுத் தகரம், ஓட்டையைப் பாரு," என்று நின்றார்கள். கஞ்சி ஊற்றியவள் கஞ்சி குடித்தவளைக் காட்டி, "எங்கூட்டுல படுத்துட்டு என் தூக்குவாளியைக் காணாமப் பண்ணிட்டா," என்றாள்.

தோட்டக் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு டின்னில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு நிரை நிரையாக நடந்தார். நிற்கிற மரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. முறிந்ததற்கு ஒன்றும் இல்லை. என் நிரையில் நுழைந்தவர் கோடு போட்டுப் போட்டுக் கை ஓய்ந்து, தூரிகையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தி லயமெல்லாம் பரவியது. பெண் பார்க்க வருவதுபோல் என் மரங்களைப் பார்க்க வந்தார்கள். "ஒனக்கென்னலா, ராசாத்தி," என்றாள் ஒருத்தி. மரம் போனவர்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. எனவே மரம் நின்றவள் மகாராணி.

தங்கைக்கு நான் தினமும் சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பில் பெரிய துண்டாக அவள் தட்டில் வைத்தேன். "அக்கா இருக்கிற வரைக்கும் நீ பட்டினி கெடக்க மாட்ட," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து அவள் மேட்டில் இருந்தவள். ஒரு வாரம் பள்ளத்தில் இருந்தால் குறைந்தா போய்விடுவாள்?

ஒருநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்காக எல்லோரும் வரிசையாக நின்றபோது துரை வந்தார். அவர் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். விழுந்த இடத்தில் இனிமேல் கன்று நடப்போவதில்லை. நிரை போனவர்களுக்கு வேலை இல்லை. அவர்களைத் தோட்டச் செலவிலேயே ரயிலேற்றி, கப்பலேற்றி, ஊர்ப் பக்கத்துத் துறைமுகம்வரை கொண்டுபோய் விடுவார்கள்.

முதலில் ஒரே ஒப்பாரி. தங்கை மார்பில் அடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தேன். மத்தியானம் வாக்கில் ஒப்பாரி மெல்ல நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்கு! சும்மா, கைப்பொருள் செலவில்லாமல், ஊருக்கு! பலகைக்கு அந்தப் பக்கம் தங்கை புருஷனிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "அப்போ அம்மாவைப் பாத்துருவேனா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரை ஊற்றப் போய் அரிசியையும் சேர்த்து ஊற்றிவிட்டேன்.

அம்மா முன்போல் எழுந்து நடமாடுவதில்லை என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து ஒருதடவை அம்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் யாரும் இருக்கக்கூடாது. எங்கள் வரும்படியில் கப்பலுக்குச் சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. இப்போது கப்பல் வாசலுக்கே வந்து நிற்கிறது. ஏறப்போகிறவள் அவள். ஏனென்றால் அவள் மரம் விழுந்துவிட்டது. என் மரம் தடிமாடு மாதிரி நிற்கிறது.

அன்றைய மாலையிலிருந்து தோட்டம் தலைகீழானது. நேற்றுவரை நின்ற மரத்தைக் கட்டிப்பிடித்தவர்கள் இன்றைக்கு அதை முறைத்துப் பார்த்தார்கள். வயதானவர்கள், ஊரில் பிள்ளைகளை விட்டுவந்தவர்கள், ஒவ்வொருவராகக் கங்காணி வீட்டுக்கு நடந்தார்கள். சிலர் சுண்ணாம்புக் கோட்டை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் கோடரியோடு பிடிபட்டார்கள். ரப்பர் மரத்தில் கொஞ்சம் ஆழமாகக் கத்தி பட்டாலே ஏச்சு வாங்குகிறவர்கள் நாங்கள். மரம் காயப்பட்டால் மனது கேட்காது. அப்படிப்பட்டவர்கள் கோடரியைத் தூக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "சாமி, இதுவும் காத்துல விழுந்ததா எழுதிக்குங்க," என்று கிராணியிடம் கெஞ்சினானாம் ஒருவன். வெட்டுப்பட்ட அடிமரம் பக்கத்திலேயே பால் வடித்துக்கொண்டு நின்றதாம்.

நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "மரம் இருக்கு, வேலை இருக்கு. ஊருக்குப் போயி என்னத்தத் திங்கிறது?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி என்று நானே கிராணியிடம் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர், பொல்லாதவர் இல்லை. எங்களை அனுப்பிவிட்டு என் நிரையைத் தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை, மரம் நிக்குதெண்டு ஆராவது அழுவினமோ? விழுந்த ஆக்கள்தான் போகலாம். இல்லையெண்டால் அவள் சம்மதிக்க வேணும்."

அவள் சம்மதிக்க வேண்டும். நேரே போய்க் கேட்டேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ இரு. என் நிரையை எடுத்துக்க. நான் போயிட்டு வரேன்."

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டாள். நிமிரவில்லை.

"அம்மா என்னயப் பாக்கணும்னு நெனைக்கும்லக்கா," என்றாள்.

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் சொன்னது உண்மை என்று நான் நம்பினேன். அம்மா அவளைத்தான் நினைப்பாள். நான் போய் வாசலில் நின்றால், சின்னவள் எங்கே என்று கேட்பாள். அவள் போய் நின்றால் பெரியவள் எங்கே என்று கேட்பாளா என்ன?

தம்பின் ஊரின் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற லாரியில் எல்லோரையும் ஏற்றினார்கள். இங்கிருந்து ஊருக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஏழெட்டு வீட்டுப் பொட்டலம். மலாக்கா கடைத்தெருவுக்குப் போய் வாங்கிய கம்பளி, சீனத்துத் தட்டு, சோப்புக் கட்டி. நான் அம்மாவுக்கு ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை. கொடுத்தால் அதைத் தங்கை தன் கையால் அல்லவா கொடுப்பாள்? லாரி புறப்பட்டபோது தங்கை கையை நீட்டினாள். "அம்மாகிட்ட என்ன சொல்லணும்கா?" என்று கத்தினாள். "வாளி கழுவணும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பிறகு வந்த வருஷங்களில் நான் அந்தப் பள்ளத்தில் நின்று பால் வெட்டினேன். ஒவ்வொரு மரத்திலும் அந்த வெள்ளைக் கோடு மங்கிக்கொண்டே வந்தது. மேட்டில் லாலாங் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. வெட்டும்போதெல்லாம் மனது ஊருக்குப் போய்விடும். இப்போது அவள் அம்மாவுக்குத் தலை வாருவாள். இப்போது அம்மா அவள் மடியில் கையை வைத்திருப்பாள். மழை பெய்தால், அம்மா நனையாமல் அவள் உள்ளே கூட்டிப்போவாள். மழைமீதுகூட எனக்குக் கோபம் வரும். கூடப் பிறந்தவள் பெற்றவளைப் பார்த்துக்கொள்வது நல்லதுதானே என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. அவர்களை நான் அதற்கப்புறம் என் வாசலில் உட்காரவிட்டதில்லை.

அம்மா இறந்துபோன செய்தியைப் புதிதாக வந்த ஒருவர் சொன்னார். பக்கத்தில் சின்னவள் இருந்தாளாம். சின்னவள் மடியில்தான் உயிர் போனதாம். கொடுத்துவைத்தவள் என்றார். நான் அழுதேன். எதற்கு எவ்வளவு அழுதேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரப்பர் விலை ஏறியதும் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போனவர்களில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். ஊரில் வேலை இல்லை, அம்மாவும் இல்லை. தங்கையும் அவள் புருஷனும் ஒரு மத்தியானம் என் வாசலில் வந்து நின்றார்கள். அவள் பாதியாகியிருந்தாள். முன்தலையில் நரை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். ஆண்கள் கங்காணியைப் பார்க்கப் போனார்கள். நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"கண்ணு ரெண்டும் போயிருச்சுக்கா. நாங்க போறதுக்கு முன்னாடியே. வாசல்ல என் காலடி கேட்டதும் 'பெரியவளா?'ன்னுச்சு."

நான் அகப்பையோடு திரும்பினேன்.

"'நான் சின்னவம்மா'ன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. 'பெரியவளே, வந்துட்டியா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிச்சு. மறுநாளும் அப்படித்தான். சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன். ஆமாம்மா, பெரியவதான்னு சொல்லிட்டேன்."

அகப்பையை அடுப்பங்கல்லில் அடித்தேன். அது ஒடிந்தது. "எம் பேரைச் சொல்லிக்கிட்டு அம்மாகிட்ட இருந்தியா? அது என்னயக் கூப்பிட்ட கூப்பாடுடி! நான் இங்க சேத்துல நிக்கிறேன், எனக்கு வந்ததை நீ போயி வாங்கிக்கிட்டியா? கப்பல் பத்தலயா ஒனக்கு? அம்மா பத்தலயா? என் பேரும் வேணுமா?" பக்கத்து அறைக்காரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

தங்கை எழுந்திருக்கவில்லை. நான் மூச்சு வாங்குகிறவரை காத்திருந்தாள்.

"எல்லாம் ஒனக்குத்தான்கா வந்துச்சு," என்றாள். "சோறு ஊட்டுனா, 'பெரியவ கைச்சோறு'ன்னு திங்கும். தல வாரிவுட்டா, 'பெரியவளுக்குத்தான் நோகாம வாரத் தெரியும்'னு பக்கத்து வூட்டுக்காரிகிட்ட சொல்லும். சின்னவ எங்க, எப்படி இருக்கான்னு ஒரு நாள்கூட கேக்கல. நான் மனசு பொறுக்காம ஒருதரம் கேட்டேன்கா. 'ஏம்மா, சின்னவளைப் பாக்கணும்னு ஆசையா இல்லையா?'ன்னு. 'அதான் நீ வந்துட்டியே'ன்னுச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கண்ணீர் இல்லை. "ஒன்னயப் பாக்கவே எனக்குப் புடிக்கலக்கா," என்றாள். "கப்பல்லயே நெனச்சேன். வேற தோட்டத்துக்குப் போயிரலாம்னு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். இத்தனை வருஷம் நான் கடித்த கடி அது. அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் ஏறி வந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னொரு தரம் சொல்லு," என்றேன். "அம்மா என்ன சொல்லுச்சு?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள்.